இனித்த தீவு

1914 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு, சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, எண்ணெய்க் கிடங்குகளின் மீது குண்டு பொழிந்து, நகரையே நடுங்கவைத்துவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியக் கப்பலைத் தமிழகம் மறந்துவிடவில்லை. அதன் பெயர் நம் பேச்சு வழக்கிலேயே ஏறிவிட்டது. எதற்கும் அஞ்சாத எத்தன் ஒருவனைக் கண்டால், “அவனா? அவன் எம்டன் ஆயிற்றே!” என்கிறோம். அந்த எம்டன் சென்னையைக் கலக்கிய பின்னர் இளைப்பாற எங்கே சென்றது என்பதை நம்மில் அறிந்தவர் மிகச் சிலர்.

பதினேழு நாட்கள் கழித்து, அக்டோபர் 9 ஆம் நாள், கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பவளத் தீவின் உட்கடலில் அது நங்கூரம் பாய்ச்சியது. தீவின் பெயர் டீகோ கார்சியா. பிரிட்டிஷ் கொடி பறக்கும் தீவுதான், பகைவனின் மண்தான். ஆயினும் அங்கிருந்தோர் எம்டனைக் கண்டு ஓடவில்லை. ஏன்? உலகப் போர் மூண்ட செய்தியே அவர்களை எட்டவில்லை! எப்போதோ ஒரு முறை மொரீஷியஸிலிருந்து வரும் கப்பல்தான் அவர்களுக்குச் செய்தித்தாள். வந்தவர் விருந்தினர் என்று எண்ணினர். பன்றியும் மீனும் பழமும் கொடுத்தனர். ஜெர்மானியர், போரைப் பற்றி மூச்சு விடாமல், பழுதாகிக் கிடந்த எந்திரப் படகு ஒன்றைச் சரிசெய்து கொடுத்தனர். மதுவும் சுருட்டும் தந்தனர். கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டித் தூய்மை செய்துகொண்டு, நிலக்கரி ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 ஆம் நாள், கோகோஸ் தீவருகே எம்டன் அழிந்தது. தப்பிப் பிழைத்த அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே பின்னாளில் தம் போர்க்கால நினைவுகளை எழுதியபோது, அந்தத் தீவில் கிடைத்த வரவேற்பை முறுவலோடு நினைவுகூர்ந்தார்.

படைவீரர்க்கு டீகோ கார்சியா தந்த இனிய நினைவுகளின் வரலாறு இப்படித் தொடங்குகிறது. முதலில் ஜெர்மானியர். அடுத்து, இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் பிரிட்டிஷார். காட்டலீனா எனும் கடல் விமானங்களோடு வந்து தங்கினர். 1944 இல் வீசிய புயல் அவற்றுள் ஒன்றைக் கரையில் தூக்கி எறிந்தது. உடைந்த அந்த விமானம் பல்லாண்டுகள் தென்னை நிழலில் கிடந்து, பின்னர் வந்த வீரர்கள் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் காட்சிப் பொருளாயிற்று. மூன்றாவதாக வந்தவர் அமெரிக்கர். நாம் பேச வேண்டுவது இவர்களைப் பற்றித்தான்.

1971 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ‘சீபீ’ என்று பெயர் பெற்ற அமெரிக்கக் கடற்படைக் கட்டுமானப் பிரிவினர் அங்கே இறங்கினர். இளைஞர்கள், உழவர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அவருள் மிகுதி. வியட்நாமில் தோழர்கள் செத்துக்கொண்டிருந்த காலம். அந்த நெருப்புக்குப் போகாமல் இந்த நீலக் கடலுக்கு அனுப்பப்பட்டது பேறு என்றே பலர் கருதியிருப்பர். கூடாரத்தில் படுத்தனர். வெயிலில் வெந்தனர். பவளப் பாறையை வெடிவைத்துப் பிளந்து, அரைத்து, பரப்பி, முதலில் 8,000 அடி நீளத்தில் ஓடுபாதை அமைத்தனர். பிறகு அது 12,000 அடியாக வளர்ந்தது. 

இன்று அவர்கள் முதியவர்கள். பேரப் பிள்ளைகளிடமும், பழைய தோழர்கள் ஒன்றுகூடும் இடங்களிலும் அவர்கள் பேசுவது பாறையை உடைத்த களைப்பைப் பற்றி அன்று. கூடாரத்துக் கூரையில் மழை கொட்டிய ஓசை. திறந்த வெளியில் இரவிலே பார்த்த திரைப்படம். தேங்காயை உடைத்துத் தின்னும் பெரிய நண்டு. தூண்டில் போட்டவுடன் சிக்கும் மீன். இவற்றைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கின்றனர். கழுதைகளைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. முகாமுக்குள் நுழைந்து எதையும் தின்றுவிடும் காட்டுக் கழுதைகள்! 1972 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் தம் குழுவோடு வந்து நிகழ்ச்சி நடத்தியது, அன்றங்கிருந்தோர் வாழ்நாளெல்லாம் சொல்லும் கதை. பின்னாளில் ஓராண்டுப் பணிக்கு வந்தவர்களும் இவ்வாறே பேசுகின்றனர். மணம் முடித்தோரும் மனைவி மக்களை அழைத்து வர இயலாத இடம் அது. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தார்களாம். வீடு திரும்பியதும் அதே தீவை நினைத்து ஏங்கினார்களாம்!

தீவின் வடிவம் ஒரு மனிதக் காலடியைப் போன்றது. அதைக் கண்ட படையினர் அதற்கோர் பட்டப் பெயர் சூட்டினர்: “விடுதலையின் காலடித் தடம்.” சட்டைகளிலும் சின்னங்களிலும் அதைப் பொறித்துக்கொண்டனர்.

இந்நினைவுகள் பொய்யல்ல. இளமையும் கடலும் தோழமையும் ஓரிடத்தில் கூடினால் இனிக்கத்தான் செய்யும். அந்த முதியவரின் மகிழ்ச்சியை நாம் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. அந்தக் கழுதைகள் எங்கிருந்து வந்தன? நடுக்கடலில் கழுதை முளைக்காதே! அவை யாருடைய கழுதைகள்?

தேங்காய் எண்ணெய்ச் செக்கை இழுத்த கழுதைகளின் வழித்தோன்றல்கள் அவை. செக்கை ஓட்டியவர்கள் எங்கே?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவில் தென்னந்தோட்டம் போட்டனர். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளை ஏற்றி வந்தனர். 1814 இல் மொரீஷியஸோடு சேர்ந்து அத்தீவுகளும் பிரிட்டிஷார் கைக்கு மாறின. 1835 இல் அடிமைமுறை ஒழிந்தது. அடிமைகள் கூலிகளாயினர், எசமானர் எசமானராகவே இருந்தனர். மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த இந்தியக் கூலிகளிற் சிலரும் அங்கே போய்ச் சேர்ந்தனர். இப்படிச் சங்கிலியாலும் ஒப்பந்தத்தாலும் கொண்டு வந்து கொட்டப்பட்ட மக்கள், ஐந்தாறு தலைமுறையில் ஒரு சமுதாயமாயினர். தமக்கென ஒரு கிரியோல் மொழி, சனிக்கிழமை இரவிலே சேகா எனும் ஆட்டமும் பாட்டும், ஒரு கோயில், ஓர் இடுகாடு, ஆழமற்ற நீரில் தாமே மீன் பிடித்துத் தின்னும் நாய்கள். ‘இல்வா’ என்று தம்மை அழைத்துக்கொண்டனர். தீவினர் என்பது பொருள். சாகோஸ் தீவுக்கூட்டம் முழுவதிலுமாக அவர்கள் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர். செல்வர்கள் அல்லர். ஆனால் முன்னோரின் எலும்பு கிடக்கும் மண், தம் மண் என்று நம்பினர்.

ஐம்பதுகளின் இறுதியில், வாசிங்டனில் அமெரிக்கக் கடற்படை அலுவலகத்தில் ஸ்டூவர்ட் பார்பர் என்பவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் விடுதலை பெற்றுக்கொண்டிருக்கின்றன; நாளைக்கு இந்நாடுகள் நம் படைத்தளங்களை வெளியேறச் சொல்லும்; ஆகவே மக்கள் குறைந்த, சிறு தீவுகளை இப்போதே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று. பிடித்துக் கொடுக்கப் பிரிட்டன் முன்வந்தது. மொரீஷியஸ் விடுதலை பெறுவதற்கு முன்பே, 1965 நவம்பர் 8 ஆம் நாள், சாகோஸ் தீவுகளை அதனின்றும் அறுத்தெடுத்து, ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி’ என்று பெயரிட்டுக்கொண்டது. மொரீஷியஸுக்குக் கிடைத்தது 30 இலட்சம் பவுன். காலனி நாடுகளைத் துண்டாடாதே என்று ஐக்கிய நாடுகள் மன்றம் அடுத்த மாதமே தீர்மானம் போட்டது. கேட்டவர் யார்? 1966 டிசம்பர் 30 இல் அமெரிக்காவுடன் 50 ஆண்டு உடன்படிக்கை. வாடகை இல்லை என்று ஊருக்குச் சொன்னார்கள். உள்ளே நடந்தது வேறு: பொலாரிஸ் ஏவுகணைக்காகப் பிரிட்டன் தர வேண்டிய தொகையில் 140 இலட்சம் டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக்கூட அது தெரிவிக்கப்படவில்லை.

தீவு கிடைத்தது. மக்கள்? ‘நிலையான குடிமக்கள் அங்கு இல்லை, இருப்போர் ஒப்பந்தக் கூலிகளே’ என்று எழுதிவிட்டால், அவர்களைப் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை தர வேண்டுவதில்லை. ஆகவே அவ்வாறே எழுதினர். ஐந்து தலைமுறை இடுகாட்டில் கிடக்க, உயிரோடிருப்பவர் வந்துபோகும் கூலிகளாம்! இலண்டன் அலுவலகத்து உயர் அதிகாரி ஒருவர் 1966 இல் எழுதிய குறிப்பில், அம்மக்களை டார்சன் என்றும், ராபின்சன் குரூசோவின் வேலைக்காரன் ஃபிரைடே என்றும் கேலி பேசினார். 1971 இல், அமெரிக்கக் கடற்படைத் தலைவர் எல்மோ சும்வால்ட்டோ, அவர்கள் கட்டாயம் போயாக வேண்டும் என்று மூன்றே சொற்களில் தீர்ப்பெழுதினார்.

வெளியேற்றம் துப்பாக்கி முனையில் தொடங்கவில்லை. அதனினும் நுட்பமான கொடுமை அது. 1968 முதல், மருத்துவத்துக்கும் உறவினரைக் காணவும் மொரீஷியஸ் சென்றவர்கள் துறைமுகத்தில் திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்தபோது, “உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிப் போக முடியாது” என்ற விடை கிடைத்தது. வீட்டிலே அடுப்பும் கொல்லையிலே கோழியும் அப்படியே இருக்க, கையிலே ஒரு மூட்டையோடு நின்றுவிட்டனர். தீவில் எஞ்சியோர்க்கு அரிசியும் மாவும் மருந்தும் குறைந்துகொண்டே வந்தன.

சீபீக்கள் இறங்கிய மார்ச்சு முதல், மக்கள் அகற்றப்பட்ட அக்டோபர் வரை, ஏழு திங்கள் இரு சாராரும் அதே தீவில் இருந்தனர். நினைவுரைகளில் மிக மெலிதாக வருவது இந்த ஏழு திங்கள்தான். அந்நாளில் நாய்களுக்கு முடிவு கட்டுமாறு சீஷெல்ஸிலிருந்த பிரிட்டிஷ் ஆளுநர் புரூஸ் கிரேட்பாட்ச் ஆணையிட்டார். சுட்டுப் பார்த்தனர், நஞ்சு வைத்துப் பார்த்தனர், முடியவில்லை. கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் ஏறத்தாழ ஆயிரம் நாய்களை அடைத்து, அமெரிக்கப் படை வண்டிகளின் புகையைக் குழாய் வழியே உள்ளே செலுத்திக் கொன்றனர், பின் எரித்தனர். வளர்த்த குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். நாய்க்கு நேர்ந்தது நமக்கும் நேரும் என்று அம்மக்கள் அஞ்சினர் என்றால், அதில் வியப்பென்ன?

1971 அக்டோபரில் டீகோ கார்சியாவின் கடைசி மக்கள் ‘நோர்த்வேர்’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டனர். தோட்ட நிருவாகத்தின் குதிரைகளுக்குக் கப்பலின் மேல்தளத்தில் நல்ல இடம். பெண்களும் குழந்தைகளும் கீழே, உர மூட்டைகளின் மீது. அதே ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகா எழுப்பிய கோரிக்கையின் வழி, இந்தியப் பெருங்கடலை ‘அமைதி மண்டலம்’ என்று ஐ.நா. மன்றம் அறிவித்தது! தாளிலே அமைதி மண்டலம், தண்ணீரிலே படைத்தளம். 1991, 2001, 2003 ஆம் ஆண்டுப் போர்களில் குண்டு வீசும் விமானங்கள் அங்கிருந்துதான் பறந்தன.

முதலில் அண்டைத் தீவுகளான பெரோஸ் பான்யோஸிலும் சாலமனிலும் சிலர் இறக்கிவிடப்பட்டனர். 1973 க்குள் அவையும் காலி செய்யப்பட்டன. லீஸ்பி எலிசே என்ற பெண் அந்த ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் பெரோஸ் பான்யோஸிலிருந்து ஏற்றப்பட்டவர். அப்போது அவர் நான்கு மாதக் கருவுற்றிருந்தார். தம் தீவு கண்ணில் படாதிருக்கவே இருட்டில் ஏற்றினார்கள் என்று, 2018 இல், தி ஹேக் நகரில் கூடிய உலக நீதிமன்றத்தின் முன் தம் கிரியோல் மொழியில் காட்சிப்பதிவு வழியே சான்று கூறினார். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி. நீதிபதிகளல்லர், பேரரசு ஒன்றே கேட்க வேண்டிய சொற்கள். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. மொரீஷியஸ் சேரிகளில் நோயற்றும் மாண்டவர்களைக் குறித்து அம்மக்கள் ‘சாக்ரேன்’ என்ற ஒரு சொல்லைச் சொல்வர். துயரம் என்பது பொருள். மருத்துவன் வேறு பெயர் எழுதலாம். அவர்கள் அகராதியில் அதுதான் நோய்.

ஒரே கடற்கரை. அதே மணல், அதே தென்னை, அதே மீன். ஒருவர்க்கு நினைக்க நினைக்க இனிக்கிறது. மற்றவரை நினைவே கொன்றுவிடுகிறது. ஏனிந்த வேறுபாடு? வீரனிடம் நாட்காட்டி இருந்தது. இன்ன நாளில் வீடு திரும்புவோம் என்று அவனுக்குத் தெரியும். கூடாரத்துத் துன்பம்கூட அவனுக்கு விளையாட்டாயிற்று. இல்வாக்களுக்கு அந்த நாள் குறிக்கப்படவே இல்லை.

இது நம் இனத்தாருக்கும் விளங்கிய உண்மை. 2021 அக்டோபரில், இலங்கைத் தமிழர் 89 பேர், குழந்தைகள் உட்பட, கனடா செல்லக் கருதிப் புறப்பட்ட மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதாகி, அதே டீகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டனர். அவர்களையும் கூடாரத்தில்தான் வைத்தனர். அந்தத் தென்னந்தோப்பு அவர்க்கு இனித்ததா? எலி நுழையும் கூடாரம், சுற்றிலும் வேலி, காவல். கடற்கரை கூப்பிடு தொலைவில். காலாற நடக்க இசைவில்லை. சிலர் உண்ண மறுத்தனர். சிலர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றனர். மூன்றாண்டுகளுக்குப் பின், 2024 டிசம்பரில், பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களை அடைத்துவைத்தது சட்டத்துக்குப் புறம்பு என்று அந்த ஆட்சிப்பகுதியின் உச்ச நீதிமன்றமே அம்மாதம் தீர்ப்பளித்தது.

பழி யாருக்கு? மண்ணை அள்ளிக் கொட்டிய இருபது வயது இளைஞனுக்கன்று. அவனை அனுப்பியவர்க்கு. எனினும் முற்றிலும் அறியாதவன் என்று அவனை விடுவித்துவிடவும் மனம் ஒப்பவில்லை. கிழக்கு முனையில் தோட்டக்காரர் மாளிகையும் கோயிலும் இடுகாடும் இருந்தன. விடுமுறை நாளில் அங்கே சென்று உலவி வந்தவர்தாம் அவ்வீரர்கள். கல்லறையில் பெயர்கள் இருந்தன. பெயருள்ளவர்க்குப் பிள்ளைகள் இருந்திருப்பர் என்று எண்ணிப்பார்க்க அதிக அறிவு வேண்டியதில்லை.

எண்ணிப்பார்த்த ஒருவர் உண்டு. யார் தெரியுமா? திட்டத்தைத் தீட்டிய அதே ஸ்டூவர்ட் பார்பர்! முதுமையில், 1991 இல், அமெரிக்க ஆட்சிமன்ற உறுப்பினருக்கும் மனித உரிமை அமைப்புக்கும் செய்தித்தாளுக்கும் மடல் மேல் மடல் எழுதினார். அம்மக்களை அகற்றியிருக்கவே வேண்டியதில்லை. அவர்களுக்குச் செய்தது மன்னிக்கவொண்ணாத தீங்கு. திரும்ப அனுப்புங்கள் என்று கெஞ்சினார். காலங்கடந்த அறிவுதான். ஆயினும் பல தலைவர்களுக்கு அது காலங்கடந்தும் வரவில்லை.

தீவினர் தம் போராட்டத்தை விடவில்லை. முன்னணியில் நின்றோர் பெண்கள். போர்ட் லூயி வீதிகளில் உண்ணாநோன்பு இருந்தனர், தடியடி பட்டனர், சிறை சென்றனர். 1982 இல் பிரிட்டன் 40 இலட்சம் பவுன் தந்தது. திரும்பும் உரிமையைத் துறப்பதாக ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில், எழுத்தறியாத மக்களின் கைநாட்டு வாங்கப்பட்டது. நம் சிற்றூர்களில் கந்துவட்டிக்காரன் செய்யும் வேலையைப் பேரரசு செய்தது! மின்தொழிலாளியான ஒலிவியே பான்கூல் தொடுத்த வழக்கில், 2000 நவம்பரில், வெளியேற்றம் சட்டமீறல் என்று இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகிழ்ச்சி நான்காண்டுகூட நீடிக்கவில்லை. 2004 இல் அரசியின் ஆணை என்ற பெயரில், நாடாளுமன்றத்தைக் கேளாமலே, கதவை மீண்டும் அடைத்தனர். 2008 இல் பிரபுக்கள் அவை மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அதை ஒப்புக்கொண்டது.

2006 இல் நூறு பேர் மட்டும் பார்வையிட அழைத்துச் செல்லப்பட்டனர். பார்வையிட! பிறந்த ஊரைப் பார்வையிட! முன்னோர் கல்லறைகளில் புல்லை அகற்றி மலர் வைத்தனர்; கோயிலில் தொழுதனர்; அழுதனர்; கப்பலுக்குத் திரும்பினர். 2019 பிப்ரவரி 25 ஆம் நாள், தீவுகளைப் பிரித்தெடுத்தது முறையன்று, பிரிட்டன் தன் ஆட்சியை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று உலக நீதிமன்றம் கருத்துரைத்தது. ஐ.நா. மன்றத்தில் 116 நாடுகள் அதன் பக்கம். எதிரே ஆறே நாடுகள். 2022 பிப்ரவரியில், மொரீஷியஸ் அனுப்பிய கப்பலில், பிரிட்டனின் இசைவைக் கேளாமலே, லீஸ்பி எலிசே பெரோஸ் பான்யோஸில் மீண்டும் கால் வைத்தார். 49 ஆண்டுகளுக்குப் பின்.

2025 மே 22 ஆம் நாள் பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. தீவுகள் மொரீஷியஸுக்கு, டீகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரிட்டனுக்கு. குத்தகைத் தொகை, சராசரியாக ஆண்டுக்கு 1,010 இலட்சம் பவுன். பிற தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு உரிமை உண்டு என்கிறது அந்த ஏடு. டீகோ கார்சியாவில் குடியேற்றம் இல்லை. காலடித் தடத்தின் வடிவிலுள்ள அந்தத் தீவில் பிறந்து, 1971 இல் தாயின் இடுப்பில் கப்பலேறிய குழந்தைக்கு, குத்தகை முடியும் ஆண்டில் வயது நூற்றைம்பதைக் கடந்திருக்கும்.